தம்பானூரில் இறங்கியதும்

அன்புள்ள அக்கா,

போன மாதம் முதன்முறையாகத் திருவனந்தபுரம் போனேன். தம்பானூர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் திகைத்துவிட்டேன். எதிரே பேருந்து நிலையம், நடுவில் ஆட்டோக்கள், புரியாத மலையாளம். கிழக்கேகோட்டை வரை போய்ச் ‘சாலை’ என்கிற கடைவீதிக்குள் நுழைந்தால் இன்னும் மோசம். மழைத் தண்ணீரில் வாழைச்சருகு மிதக்கிறது. மனிதர்களே கண்ணில் படவில்லை, வெறும் நெரிசல்தான். ஆட்டோக்காரர் வேறு கூடுதலாகக் கேட்டார். ஒரு நகரத்தைப் பற்றிய முதல் பதிவை அன்றைக்கே எழுதிவிட வேண்டுமா, கொஞ்ச நாள் ஆறப்போட்டு எழுத வேண்டுமா?

க., ஈரோடு

அன்புள்ள தம்பி,

ஓணம் நெருங்குகிறது. குமரி மாவட்டத்தில் எங்கள் தோவாளைப் பூச்சந்தையிலிருந்து கேரளத்துக்குப் பூ ஏறிக்கொண்டே இருக்கிறது. இந்த நாட்களில் எனக்கு என் அத்தை நினைப்புதான். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

ஆட்டோக் கட்டணத்தை விடுங்கள், அது எந்த ஊரிலும் உண்டு. மொழிக்கும் பயப்பட வேண்டாம். சாலைக் கடைவீதியில் தமிழில் விலை கேட்டால் தமிழிலேயே பதில் வரும், கேட்டுப் பார்த்தீர்களா? என்னை உறுத்தியது ‘மனிதர்களே கண்ணில் படவில்லை’ என்ற அந்த ஒரு வரி. மிதக்கிற வாழைச்சருகு வரை பார்த்த கண் உங்களுக்கு. அந்தக் கண்ணுக்கு ஆட்கள் எப்படித் தப்பினார்கள்?

என் அத்தை தோவாளையில் பூ வாங்கிச் சாலைக் கடைவீதியில் கொண்டுபோய் விற்றவர். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார். பிச்சிப்பூவுக்கு மொட்டாக இருக்கும்வரைதான் விலை. விரிந்துவிட்டால் கேட்க ஆளில்லை. அதனால் ஈரத்துணி சுற்றிய மூட்டையோடு இருட்டிலேயே பேருந்து ஏறுவோம். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் என்று வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் அத்தை மூட்டைக்குள் கையை விட்டுப் பார்ப்பார். உள்ளே சூடு தட்டினால் முடிச்சைத் தளர்த்தித் தண்ணீர் தெளிப்பார். பக்கத்தில் இருப்பவர் நனைந்து சத்தம் போடுவார். சாலைக் கடைவீதியில் கடைக்காரர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்புவார். நாலு மொட்டு விரிந்திருந்தால் போச்சு, விலையைக் குறைத்துவிடுவார். அத்தை அதற்குமேல் பேரம் பேச மாட்டார். பேசுகிற நேரத்தில் இன்னும் நாலு விரியும்.

அவர் அன்றைக்கு உங்கள் எதிரே வந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? இடித்துக்கொண்டு போன ஒரு மூட்டை என்றுதானே? கோபம் வருகிறது தம்பி. அன்று காலை அந்த நகரத்துக்கு வந்து இறங்கியவர் நீங்கள் ஒருவர்தான் என்று நினைத்துவிட்டீர்கள். பாறசாலையிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் உங்களைச் சுற்றித்தான் நின்றிருப்பார்கள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து சுமை தூக்குகிறவர்களும் அங்கேதான் இருந்திருப்பார்கள். நெரிசல் என்று நீங்கள் எழுதியது இவர்களைத்தான்.

அந்தக் கடைவீதியே வந்தவர்கள் சேர்ந்து உண்டாக்கியது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதை அமைத்த திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ், இன்றைய குமரி மாவட்டத்தில் பிறந்தவர். தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்திருக்கிறார்கள். வழியில் பாலராமபுரத்தில் கைத்தறி நெய்கிற சாலியர்களும் தமிழ்ப் பக்கத்திலிருந்து போய்க் குடியேறியவர்களே. 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, களியக்காவிளையில் எல்லை வந்தது. பூ போவது நிற்கவில்லை. நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் இன்றும் அதே வழியாகத் திருவனந்தபுரம் போய் வருகிறார்கள். இரண்டு மாநிலப் போலீசும் அணிவகுத்து மரியாதை செய்கிறார்கள்.

சரி, உங்கள் கேள்வி. அன்றைக்கே எழுதுங்கள், ஆறப்போட்டால் பாதி மறந்துவிடும். ஆனால் எழுத உட்காருவதற்கு முன்னால் சுமையோடு நிற்கிற யாரிடமாவது ‘எங்கேயிருந்து வர்றீங்க’ என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். எழுதி வைத்திருப்பதை அப்படியே எங்கும் அனுப்பிவிடாதீர்கள். ஓணத்துக்கு முன்னால் ஒருமுறை தோவாளைக்கு வாருங்கள். எங்கள் வீட்டில் தங்கலாம். விடியுமுன் சந்தைக்குக் கூட்டிப்போய்ப் பூ வண்டியில் ஏற்றிவிடுகிறேன். ஆரல்வாய்மொழிக் காற்று இந்த மாதங்களில் ஆளைத் தள்ளும், ஒரு போர்வையும் எடுத்து வாருங்கள்.