பெண் குற்றவாளி என்றால் குணம்தான் காரணமா?

பெண்கள் செய்யும் குற்றங்களுக்கு அவர்களுடைய சுபாவமே காரணம் என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அரைகுறை உண்மைகூட இல்லை என்பேன். முன்கோபமும் சுயக்கட்டுப்பாடு இல்லாமையும் ஆண், பெண் இருவரையுமே குற்றத்தின் பக்கம் தள்ளக்கூடியவை. ஆனால் ஆண் அகப்பட்டால் கடன், குடி, கூட்டாளிகள் என்று காரணம் தேடுகிறவர்கள், பெண் அகப்பட்டால் "இவளெல்லாம் ஒரு பெண்ணா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்த மனப்போக்குக்கு அறிவியல் பூச்சு கொடுத்தவர் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ. குற்றம் செய்பவள் தாய்மை உணர்வற்றவள், ஆணின் சாயல் கொண்ட அரக்கி என்று 1893இல் எழுதினார். 1950இல் அமெரிக்காவில் சமூகவியலாளர் ஓட்டோ பொல்லாக் வேறு வழியில் வந்தார். பெண்கள் குறைவாகக் குற்றம் செய்வதில்லையாம், மறைப்பதில் கைதேர்ந்தவர்களாம். மாதவிடாயை மறைத்துப் பழகியதில் வந்த திறமையாம்! அகப்படாததையே சான்றாக வைத்தால் யார்தான் தப்ப முடியும்?

ஏட்டுக் கோட்பாடுதானே என்று விட்டுவிடவும் முடியாது. 1980 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் உலுரு என்னும் பெரும்பாறை அருகே கூடாரத்திலிருந்து லிண்டி சேம்பர்லேனின் ஒன்பது வாரக் குழந்தை அசாரியா காணாமல் போனது. டிங்கோ என்னும் காட்டு நாய் தூக்கிச் சென்றது என்றார் தாய். முதல் மரண விசாரணை அதை ஏற்றது. ஊர் ஏற்கவில்லை. தொலைக்காட்சியில் அவர் கதறி அழவில்லை, நிதானமாகப் பேசினார்; பெற்றவள் இப்படியா இருப்பாள் என்றார்கள். குழந்தைக்குக் கறுப்பு உடை அணிவித்ததும் பேச்சானது. நரபலி என்று வதந்தி கிளம்பியது. அழுதிருந்தால் நடிப்பு என்றிருப்பார்கள். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும்.

பிறகுதான் ஆய்வக அறிக்கை வந்து சேர்ந்தது. காரில் குழந்தையின் ரத்தம் என்று அதில் சொல்லப்பட்டதில் பெரும்பகுதி, சத்தத்தைக் குறைக்கத் தொழிற்சாலையில் பூசிய கலவை என்பது பின்னால் தெரியவந்தது. அதற்குள், 1982இல், கர்ப்பிணியாக இருந்த லிண்டிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டுவிட்டது. குழந்தையின் மேல்சட்டை டிங்கோக்கள் உலவும் இடத்தில் கிடைத்த பிறகே, 1986இல், விடுதலை. 1988இல் தீர்ப்பு ரத்தானது. டிங்கோதான் காரணம் என்று மரண விசாரணை அதிகாரி உறுதியாகப் பதிவுசெய்தது 2012இல்.