புல்தரைக் கேள்விகள்: பாதையோரத்து மணல் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: உச்சிப்புளி அருகே கடலோர விடுதியில் தோட்ட வேலை பார்க்கிறேன். விருந்தினருக்காகச் சின்ன கோல்ஃப் மைதானமும், பேட்டரி வண்டி ஓட சிமெண்ட் பாதையும் போட்டிருக்கிறார்கள். சில இடங்களில் அருகம்புல் பாதை மேல் ஏறிவிடுகிறது. வளைவுகளில் புல் செத்து, மணல் அரித்து, சிமெண்ட் விளிம்பு அந்தரத்தில் நிற்கிறது. களைக்கொல்லி அடித்து ஓரத்தைச் சுத்தமாக வைக்கச் சொல்கிறார் மேலாளர். அடிக்கலாமா?
- வாசகர், உச்சிப்புளி

பதில்: அடிக்காதீர்கள், தம்பி. மலைமேல் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பல வருஷம் புல்தரை பார்த்துவிட்டு இப்போது மண்டபத்தில் இருக்கிறேன். அங்கே மண் இறுக்கம். புல் செத்தாலும் கொஞ்ச நாள் தாங்கும். நம் கரையில் மணலைப் பிடித்து வைத்திருப்பதே புல்லின் வேர்தான். ஓரமாக ஒரு சாண் அகலத்துக்கு மருந்தடித்தால், கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த மணல் பறந்துவிடும். மிச்சத்தை ஐப்பசி மழை இழுத்துக்கொண்டு போகும். அடியில் பிடிமானம் இல்லாத சிமெண்ட், வண்டி ஏறினால் விரிசல் விடத்தான் செய்யும். உங்கள் மேலாளர் சொல்வது கிளைபோசேட் என்ற களைக்கொல்லி என்றால், பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் வழியாகத்தான் அதை அடிக்க வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டதையும் அவரிடம் சொல்லுங்கள்.

முதலில் மட்டத்தைப் பாருங்கள். ஓரத்து மண் சிமெண்டைவிட அரை அங்குலம் தாழ்ந்து இருக்க வேண்டும். மண் உயர்ந்துவிட்டால் பாதையில் தண்ணீர் தேங்கும், புல்லும் சுலபமாக மேலே ஏறும். ரொம்பத் தாழ்ந்தால் வழியும் தண்ணீர் விளிம்பிலேயே விழுந்து குழி பறிக்கும். அந்தரத்தில் நிற்கும் இடங்களில் சிமெண்ட் கலந்த ஈர மணலைக் கட்டையால் அடியில் நன்றாகத் திணித்து இறுக்குங்கள். அதற்கு வெளியே செம்மண், மக்கிய எரு, நன்றாகக் கழுவிய தென்னை நார்க்கழிவு மூன்றையும் அங்குள்ள மணலோடு கலந்து நிரப்புங்கள். கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். நம் மண்ணில் இருக்கும் உப்பே போதும்.

புல் வெட்டுவது அதற்கு அப்புறம். கொத்தனார் நூலைக் கட்டி, அரைவட்ட மண்வெட்டியை நேராக நிறுத்தி ஓர் அங்குலம் இறக்கினால் போதும். நைலான் நரம்பு சுழன்று புல் வெட்டும் மெஷினைச் சாய்த்துப் பிடித்து ஓரத்தைச் சுரண்டுவதை நிறுத்துங்கள். புல்லின் தண்டே மொட்டையாகி, அந்த இடம் காய்கிறது. ஆழமாக வெட்டினாலும் தப்பு, ஓரத்தில் வாய்க்கால் உண்டாகிவிடும். வெட்டிய கொடிகளைக் குப்பையில் போடாதீர்கள். அருகு கணுவுக்குக் கணு வேர் விடும் புல். அந்தத் துண்டுகளையே வளைவுகளில் ஊன்றுங்கள். ஆவணியில் ஊன்றித் தண்ணீர் விட்டால் பெருமழைக்குள் வேர் பிடித்துவிடும். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் அந்த இடத்துக்கு மட்டும் உப்பைத் தாங்கும் பாஸ்பாலம் புல் வையுங்கள். 2012இல் பிஜிஏ சாம்பியன்ஷிப் என்ற பெரிய கோல்ஃப் போட்டி நடந்த அமெரிக்காவின் கியாவா தீவு மைதானத்தில் இருப்பது அந்தப் புல்தான், அதுவும் கடலோரம்.

வளைவில் புல் சாவதற்குக் காரணம் சக்கரம். ஓட்டுகிறவர் வளைவை அறுத்துக்கொண்டு போகிறார், தினமும் அதே இடத்தில். பாதை முடியும் இடமும் அப்படித்தான். வளைவின் உள்பக்கத்திலும், கிரீன் (பந்து விழும் குழி உள்ள புல்தரை), டீ (முதல் அடி அடிக்கும் மேடை) இருக்கும் இடங்களிலும் தாழ்ந்த சிமெண்ட் கட்டை வையுங்கள். நடுநடுவே தண்ணீர் வெளியேற இடைவெளி கட்டாயம். மற்ற இடங்களில் சீமைக்கருவேல முளைக்குச்சி நட்டு, தேங்காய்நார்க் கயிறு கட்டி, சில நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். பந்து கிடக்கும் இடத்துக்கு நேராக வரும்வரை பாதையிலேயே வந்து, அங்கிருந்து செங்குத்தாகத் திரும்பிப் புல்லில் இறங்குவது கோல்ஃபில் உள்ள வழக்கம்தான். விருந்தினரிடம் வண்டியைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் உங்கள் வேலை பாதி குறையும்.

கேள்வி: பழைய வீடு இடித்த பவளக்கல் கிடைக்கிறது. பாதையோரம் அடுக்கினால் அழகாக இருக்குமே?
- அதே வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடினப் பவளங்கள் இருக்கின்றன. செத்த கல்தானே என்று நினைக்காதீர்கள். சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளத்தை வெட்டி வெட்டித்தான் மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போவதற்கு வழி செய்தோம். ஒரு விடுதியில் அடுக்கினால் பக்கத்து விடுதியும் கேட்கும், பிறகு யாராவது கடலில் இறங்குவார்கள். வேலைக்கும் அது உதவாது: உதிரிக் கல்லைச் சக்கரம் தள்ளிவிடும், புல்வெட்டும் மெஷினின் பிளேடு உடையும். ஓரத்துக்குப் புல்லே போதும்.