இயற்பியலும் வீணையும்: எதை விடச் சொல்வது?

இயற்பியல் படிக்கும் உங்கள் மகள், வெப்பநிலைக் கணக்குகளை வீணை ஒலியில் இசையாக்கப் போகிறேன் என்று சொல்வதைக் கேட்டு, படிப்பு, வீணை இரண்டில் எதை விடச் சொல்வது என்று பதற வேண்டாம். அவள் எதையும் விட வேண்டியதில்லை. இயற்பியல் பட்டத்தை மட்டும் கண்டிப்பாக முடிக்கட்டும். தரவை ஒலியாக மாற்றும் இந்த வேலைக்கு 'சோனிஃபிகேஷன்' என்று பெயர்; அந்தப் பெயரில் வரும் வேலைகள் மிகச் சொற்பம். தரவு ஆய்வு, கோளரங்கம், அறிவியல் அருங்காட்சியகம், பார்வையற்றோருக்கான மென்பொருள் ஆகிய துறைகளில் அது கூடுதல் திறமையாகக் கைகொடுக்கும். பார்வையிழந்த வானியலாளர் வாண்டா டியாஸ்-மெர்செத் தரவைக் காதால் ஆராய்பவர். நாசாவின் சந்திரா தொலைநோக்கிக் குழுவும் 2020 முதல் இத்தகைய ஒலிப்பதிவுகளை வெளியிட்டு வருகிறது.

இப்போதைக்கு உருப்படியாக ஒன்று செய்து காட்டச் சொல்லுங்கள். நாசாவின் உலக வெப்பநிலை அட்டவணையில் 1880 முதல் 2024 வரை ஆண்டுக்கு ஒன்றாக 145 எண்கள் இருக்கின்றன. பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் (pandas) என்ற நிரல் தொகுப்பு கொண்டு அதைப் படித்து, ஒவ்வொரு எண்ணையும் ஒரு சுரமாக்கி, மிடியூட்டில் (MIDIUtil) என்ற தொகுப்பு கொண்டு மிடி கோப்பாக (கணினி வாசிக்கும் சுரக் குறிப்பாக) எழுதலாம். நொடிக்கு 4 சுரம் என்றால் 36 நொடியில் முடிந்துவிடும்.

சிக்கல் ராகத்தில்தான். ஐந்து சுர ராகமான மோகனத்தில் இரண்டு ஸ்தாயி எடுத்தால், உச்ச சட்ஜத்தோடு 11 சுரங்கள். தரவின் வீச்சோ சுமார் 1.8 டிகிரி. ஆக, ஒரு சுரம் ஏறத்தாழ 0.16 டிகிரியை விழுங்கிவிடும். அதற்குள் நடக்கும் ஏற்ற இறக்கம் காதில் விழாது. பிட்ச் பெண்ட் (சுரத்தைச் சற்றே ஏற்றி இறக்கும் மிடி கட்டளை) போட்டு இதைச் சரிசெய்யலாம். ஆனால் அது அந்த மிடி சேனலில் (தடத்தில்) ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் வளைக்கும். முந்தைய மீட்டின் தேய்ந்துவரும் ஒலியும் சேர்ந்தே வழுக்கும். அதனால் அடுத்தடுத்த சுரங்களை இரண்டு மூன்று சேனல்களில் மாற்றி மாற்றி வைக்க வேண்டும்.

வீணை தெரிந்த பெண் என்றால் கமகம் போடக் கை துறுதுறுக்கும். போடக் கூடாது! அழகுக்காக அசைத்த சுரத்தையும் கேட்பவர் வெப்பநிலையின் அசைவு என்றே எடுத்துக்கொள்வார்.

மீட்டிய தந்தி ஒலி தேய்ந்துவிடும் என்பதால் மெதுவாக, விடாமல் மாறும் தரவுக்கு வீணையைவிடப் புல்லாங்குழல் பொருந்தும். நிலநடுக்கம்போல் விட்டுவிட்டு வருவதற்கு மிருதங்கம். கருவியில் பதிவு செய்த ஒரே ஒலிமாதிரியை ஒரு ஸ்தாயி முழுக்க ஏற்றி இறக்கி இழுத்தால் பொம்மைக் கருவி மாதிரி ஆகிவிடும். மூன்று அரைச்சுரத்துக்கு ஒன்றாகப் பதிவு செய்தால் இரண்டு ஸ்தாயிக்கு 9 பதிவுகள் போதும்.

முடித்ததும் வரைபடத்தைக் காட்டாமல் ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டி, கேட்டதைக் கோடாக வரையச் சொல்லட்டும். 1970களுக்குப் பிந்தைய ஏற்றம் அந்தக் கோடுகளில் வரவில்லையென்றால் சுர ஒதுக்கீட்டை மாற்றி மறுபடி செய்ய வேண்டும். நேர்முகத்துக்குப் போகும்போது ஒலிக்கோப்போடு நிரலையும் அந்த ஐந்து தாள்களையும் எடுத்துப் போகட்டும்.