சேஃப்டி ரேஸரில் கழுத்து மட்டும் எரிவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 26. தாடி முடி சற்றுச் சுருளானது. பல பிளேடு வைத்த கார்ட்ரிட்ஜ் ரேஸரில் சவரம் செய்தபோது கழுத்து முழுக்கச் சிவந்த பருக்கள் வந்தன. ஒரு மாதத்துக்கு முன், இருபுறமும் கூர் உள்ள ஒற்றை பிளேடு மாட்டும் பழைய முறை சேஃப்டி ரேஸருக்கு மாறினேன். கன்னத்தில் தொந்தரவு இல்லை. கழுத்தில் எரிச்சலும் பருக்களும் அப்படியே இருக்கின்றன. தாடைக்குக் கீழே அடிக்கடி வெட்டும் விழுகிறது. கார்ட்ரிட்ஜுக்கே திரும்பிவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் மாறியது சரியான முடிவு. ரேஸர் மாறிவிட்டது, கைப்பழக்கம் இன்னும் மாறவில்லை.

முதலில் அந்தப் பருக்களைப் பற்றி. அவை முகப்பரு அல்ல. பல பிளேடு ரேஸரில் முதல் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுக்கிறது. அது உள்வாங்குவதற்குள் அடுத்த பிளேடு வெட்டுகிறது. மிச்சமுள்ள முடி தோலின் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. நேரான முடி என்றால் அதே வழியில் வெளியே வந்துவிடும். சுருள் முடி வளைந்து வளர்வதால், கூராக வெட்டப்பட்ட அதன் நுனி பக்கவாட்டில் தோலைக் குத்துகிறது. வெளியே வந்த முடியும் வளைந்து மீண்டும் தோலுக்குள் நுழைவதுண்டு. உடல் அதை முள் தைத்ததாகவே எடுத்துக்கொண்டு வீங்குகிறது. ஒற்றை பிளேடு இந்த ஆழமான வெட்டைக் குறைக்கும். ஆனால் அழுத்தி இழுத்தாலோ, தோலை இறுக்கிப் பிடித்தாலோ, முடிக்கு எதிராக மழித்தாலோ அதே ஆழத்துக்கு இதுவும் வெட்டும். கழுத்தில் நீங்கள் இந்த மூன்றில் ஒன்றையாவது செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கார்ட்ரிட்ஜின் தலை முகத்தின் வளைவுக்கேற்பத் தானே திரும்பும்; கொஞ்சம் அழுத்தினாலும் தாங்கும். சேஃப்டி ரேஸரின் தலை அசையாது. கோணத்தைக் கைதான் காக்க வேண்டும். கைப்பிடியின் கீழ்ப்பகுதியை விரல் நுனிகளால் மட்டும் பிடியுங்கள். ரேஸரின் எடையே போதும். கோணம் கண்டுபிடிக்க எளிய வழி: தலையின் மேல்மூடியைக் கன்னத்தில் தட்டையாக வையுங்கள். அப்போது கைப்பிடி முகத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் பிளேடு தோலைத் தொடும். பிளேடுக்கும் தோலுக்கும் ஏறத்தாழ 30 டிகிரி. அங்கேயே நிறுத்துங்கள்.

கன்னம் தட்டை என்பதால் இந்தக் கோணம் தப்பாது. தாடை எலும்பின் விளிம்பைத் தாண்டும்போது தோல் சட்டென்று திரும்புகிறது, கை மட்டும் பழைய திசையிலேயே போகிறது. உங்களுக்கு வெட்டு விழுவது அங்கேதான். கன்னத்திலிருந்து கழுத்து வரை ஒரே இழுப்பாக இழுக்காதீர்கள். விளிம்பில் நிறுத்தி, ரேஸரை எடுத்து, தலையை அண்ணாந்து, கீழே புதிதாகத் தொடங்குங்கள். ஒவ்வோர் இழுப்பும் 2 முதல் 3 செ.மீ. போதும். குரல்வளை மேட்டில் அதிலும் பாதி.

அடுத்தது முடியின் போக்கு. இரண்டு நாள் வளர்ந்த தாடியை விரலால் எல்லாத் திசையிலும் தடவுங்கள். வழுக்கிக்கொண்டு போகும் திசையே முடி வளரும் திசை. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் பலருக்குப் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் இருக்கும், சிலருக்குச் சுழியும் உண்டு. கழுத்தை மேலிருந்து கீழே மழிப்பவர், அது முடியின் போக்கு என்று நம்பி, தெரியாமலே எதிர்வாக்கில் மழித்துக்கொண்டிருப்பார். ஒரு தாளில் கழுத்தை வரைந்து அம்புக்குறி போட்டுக் கண்ணாடி அருகே வைத்துக்கொள்ளுங்கள். மழிக்கத் தொடங்கும் முதல் சில வாரங்களுக்கு முடியின் போக்கில் ஒரே ஒரு சுற்றுதான். பிறகு, மீண்டும் நுரை போட்டுக்கொண்டு, கன்னத்தில் மட்டும் குறுக்காக இரண்டாவது சுற்றுப் போகலாம். கழுத்தில் எதிர்வாக்கு உங்களுக்கு என்றைக்கும் வேண்டாம். தடவினால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். இருக்கட்டும், அந்தச் சொரசொரப்புதான் பரு வராமல் காக்கிறது.

சவரத்துக்கு முன் இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான நீரில் தாடியை நனையுங்கள். குளித்த உடனே செய்தால் இன்னும் நல்லது. நீரை உறிஞ்சிய முடி மென்மையாகிக் குறைந்த விசையிலேயே அறுபடும். நனைந்த பிரஷை உதறிவிட்டு, சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றி, பிறகு முகத்தில் சுழற்றுங்கள். பெரிய குமிழ்கள் தெரிந்தால் நீர் அதிகம். ஒட்டிக்கொண்டு காய்ந்தால் நீர் போதவில்லை, சில சொட்டுகள் சேருங்கள். நுரையைக் கழுத்தில் முதலில் போட்டு, கழுத்தைக் கடைசியாக மழியுங்கள். அங்குள்ள முடி ஊற அதிக நேரம் கிடைக்கும்.

ரேஸரின் ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் பிளேடு நடுவில் உட்காரவில்லை என்று பொருள். பிடியைத் தளர்த்தி, பிளேடின் குறுகிய ஓரங்களைப் பிடித்து நேராக்கி, மறுபடி முடுக்குங்கள். நான்கைந்து சவரத்துக்கு ஒரு பிளேடு. அதற்கு முன்பே முடியைப் பிடித்து இழுத்தால் அப்போதே மாற்றுங்கள். மழுங்கிய பிளேடுதான் கையை அழுத்த வைக்கிறது.

முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, துண்டால் ஒற்றி, மணமில்லாத ஈரப்பதக் கிரீம் தடவுங்கள். வெட்டு விழுந்த இடத்தில் படிகாரத்தை நனைத்து வைத்தால் ரத்தம் நிற்கும். அதை நாள்தோறும் கழுத்து முழுக்கத் தேய்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை; தோல் வறண்டுபோகும். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவும் இப்போதைக்கு வேண்டாம்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன், இருக்கும் பருக்கள் ஆறட்டும். மூன்று நான்கு வாரம் கழுத்தில் பிளேடு படக்கூடாது. தேவைப்பட்டால் டிரிம்மரில் 1 மி.மீ. விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். முடி நீளும்போது பெரும்பாலானவை தாமே விடுபட்டு வெளியே வரும். வெதுவெதுப்பான ஈரத்துணியைப் பத்து நிமிடம் வைப்பது உதவும். சிக்கிய முடியைப் பிடுங்காதீர்கள்; அடுத்து முளைப்பது தோலுக்குள்ளேயே குத்தக்கூடும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவராக இருந்தால் மின்சார ரேஸரே பாதுகாப்பு. முகத்துக்கு ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) கிரீம் போடுபவருக்கும், முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிடுபவருக்கும் தோல் எளிதில் உரியும் என்பதால், சரியான கோணத்திலும் எரியலாம், அப்படியிருந்தால் எழுதுங்கள். வீட்டில் யாருடனும் ரேஸரைப் பகிராதீர்கள். நோய் தொற்ற, கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்புடன் இருக்கும்.

பருக்கள் தடித்து மேடிட்ட தழும்பாக மாறினாலோ, சீழ் பரவிக் காய்ச்சல் வந்தாலோ, நான்கு வாரம் மழிக்காமல் விட்டும் குறையாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். மேடிட்ட தழும்பு தொடக்கத்திலேயே சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படும், முற்றிவிட்டால் கடினம்.