நாம் பேசும்போது பிறர் வாக்கியத்தை முடித்துவைப்பது ஏன் எரிச்சலூட்டுகிறது?

சொல்ல வந்ததைப் பிறர் முந்திக்கொண்டு முடிக்கும்போது கோபம் வருவது உங்கள் குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். குறையன்று. உரையாடலில் ஒருவர் நிறுத்துவதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக 200 மில்லிவினாடி அளவே இடைவெளி இருப்பதால், கேட்பவரின் மனம் நம் வாக்கியத்தின் முடிவை முன்கூட்டியே ஊகித்துக்கொண்டுதான் இருக்கும். ஊகிப்பது இயல்பு, அதை உரக்கச் சொல்வதுதான் தொல்லை.

தமிழில் இது சற்றுக் கூடுதல். வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருவதால், உண்டா இல்லையா என்பதே இறுதிச் சொல்லில்தான் தெளிவாகும். செங்கோட்டையில் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், "அண்ணாச்சி, நாளைக்குப் புனலூருக்குப் போக..." என்று நான் தொடங்கினால், "வேணும், அதானே? காலையிலேயே கிளம்பிரு" என்று முடித்து வழியும் சொல்லத் தொடங்கிவிடுவார். நான் சொல்ல வந்ததோ 'போக வேண்டாம்' என்பது. அதன்பின் அவரை மறுத்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கும் சுமை என்னுடையதாகிறது. எரிச்சலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் சொல் கிடைக்காமல் நான் திணறும்போது கடைக்காரர் எடுத்துக்கொடுத்தால் எரிச்சல் வருவதில்லை, ஏனெனில் அங்கே உதவியை என் முகமே கேட்கிறது. திக்கிப் பேசுவோரிடம் மட்டும் அந்த உதவியும் வேண்டாம், காத்திருங்கள்.