தவக்காலக் கேள்வி - பதில்

கேள்வி: வேலைக்காகச் சென்னைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. ஞாயிறு பூசைக்குப் போகிறேன், யாரையும் தெரியாது. பாவசங்கீர்த்தனம் செய்து பத்து வருடம் ஆயிற்று, செபம்கூட மறந்துவிட்டது. தவக்காலத்தில் எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், சென்னை

பதில்: பாவசங்கீர்த்தனத்திலிருந்து, அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதிலிருந்து. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இந்த நாற்பது நாள் தவக்காலம் உங்களைப் போன்றவர்களுக்காகவே வளர்ந்தது. பழங்காலத்தில் பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) இரவில் திருமுழுக்குப் பெறவிருந்தவர்களும், பெரும் பாவத்தால் விலக்கப்பட்டு மீண்டும் சேரக் காத்திருந்தவர்களும் இந்த நாட்களில்தான் தயாரானார்கள். பின்னவர்களை உரோமையில் பெரிய வியாழனன்று சேர்த்துக்கொண்டார்கள்.

தவக்காலத்தின் கடைசி வாரமான புனித வாரம்வரை தள்ளாதீர்கள். அப்போது வரிசை நீளும், சாமியாருக்கும் நிதானமாகக் கேட்க நேரமிருக்காது. தவக்காலத்தின் மூன்றாம், நான்காம் வாரத்தில் ஒரு வார நாளைக் கேட்டு வாங்குங்கள். முந்தின இரவு பத்துக் கட்டளைகளை வைத்து அரை மணி நேரம் யோசித்து, கனமானவற்றை மட்டும் சீட்டில் குறியுங்கள். என்ன பாவம், எத்தனை முறை என்பது முக்கியம். கணக்குத் தெரியாவிட்டால் "மாதத்துக்கு ஒருமுறை போல" என்றால் போதும். "சாமி, பத்து வருஷம் ஆச்சு, முறை மறந்துபோச்சு" என்று ஆரம்பித்தால் மீதியை அவர் நடத்திக்கொள்வார். பாவங்களுக்காக வருந்திச் சொல்லும் மனத்துயர் செபத்தை எழுதி எடுத்துப்போவதில் தவறில்லை.

பெரும்பாலும் கெடுவது ஒரே இடத்தில்: "மாமியார் இப்படிப் பேசினார், அதனால் நான்..." என்று அடுத்தவர் பாவத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவோம். உங்களுடையதை மட்டும் சொல்லுங்கள். உண்மையிலேயே மறந்துபோனதும் மன்னிக்கப்பட்டதே. கனமானதாயின் அடுத்த முறை சொல்லுங்கள். சாமியார் சொல்லும் பரிகாரத்தை அன்றே செய்துவிட்டு, சீட்டைக் கிழித்துப் போடுங்கள். செபப் புத்தகத்துக்குள் விட்டால் வீட்டில் யாராவது படிப்பார்கள்!

அடுத்து, பங்கு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, உங்கள் தெரு எந்த அன்பியம் (பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) என்று கேளுங்கள். இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் பதினான்கு நிலைகளுக்கும் வாசிக்க ஆள் தேடுவார்கள். ஒரு நிலையைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். பூசை முடிந்ததும் வண்டியை எடுப்பவரை யாருக்கும் தெரியாது. வாசித்தவரை அடுத்த வாரமே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. நாற்பது நாளும் ஒருசந்தி (ஒருவேளை மட்டும் சாப்பிடும் நோன்பு) என்கிறார்.
– வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். நோன்புச் சட்டம் 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 நிறையும்வரை மட்டுமே. கட்டாய நாட்களும் இரண்டுதான்: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. அன்று ஒரு முழுச் சாப்பாடு, இரண்டு சிற்றுணவு. மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு பட்டினி இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கம்வரை போகலாம். வேளாவேளைக்குச் சாப்பிடட்டும், வெள்ளிக்கிழமை கறியை விட்டு, அந்தப் பணத்தை அன்றே உண்டியலில் போடட்டும். கறிக்குப் பதில் வஞ்சிரம் வாங்குவது சட்டப்படி சரி, தவமாகாது.

கேள்வி: போன வருடக் குருத்தோலையை என்ன செய்வது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சாம்பல் புதனுக்கு முன்பே ஆலயத்தில் கொடுங்கள், நெற்றியில் பூசும் சாம்பல் அதிலிருந்துதான். தவறவிட்டால் வீட்டிலேயே எரித்துச் செடி மண்ணில் கலக்கலாம். குப்பையில் போடவேண்டாம்.