டிகோட் செய்யும்போது, அதாவது சுருக்கிவைத்த காணொளியைப் பிரேம்களாக (தனித்தனிப் படங்களாக) விரிக்கும்போது, கடைசி பிரேம்கள் காணாமல் போகின்றன. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற காணொளி நிரல் நூலகத்தை விட்டு வேறு நூலகத்துக்கு மாறலாமா?

மாற வேண்டாம். கோப்பு முடிந்ததும் லூப்பிலிருந்து நேராக வெளியேறி டிகோடரை மூடிவிடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். இதை நான் உறுதியாகச் சொல்வதற்குப் புலமை காரணமல்ல. இதே பிழையைச் செய்து, பழியை நூலகத்தின் மேல் போட்டு, பலர் முன்னிலையில் அசடு வழிந்தவன் நான்.

சில ஆண்டுகளுக்கு முன், காணொளியின் ஒவ்வொரு பிரேமையும் தனிப் படமாகச் சேமிக்கும் கருவி ஒன்றை, எஃப்எஃப்எம்பெக்கின் டிகோட் பகுதியான லிப்ஏவிகோடெக்கைக் கொண்டு எழுதினேன். என் பழைய கணினியில் இறுதியில் நாலைந்து பிரேம்கள் குறைந்தன. அதே நிரலை, அதே கோப்புடன், அதிக கோர்கள் கொண்ட நண்பரின் கணினியில் ஓட்டியபோது பத்துக்கும் மேல் குறைந்தன. கணினிக்குக் கணினி விடை மாறினால் அது நூலகத்தின் கோளாறாகத்தானே இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, சற்றுக் காரமாகவே பிழை அறிக்கை ஒன்றை எழுதி அனுப்பினேன். டிகோடரை ஃப்ளஷ் செய்தீர்களா, அதாவது உள்ளே தங்கிய பிரேம்களை இறுதியில் வடித்தெடுத்தீர்களா, என்ற ஒற்றை வரிக் கேள்விதான் பதிலாக வந்தது. நான் செய்திருக்கவில்லை.

எச்.264 போன்ற கோடெக்குகளில் (காணொளியைச் சுருக்கும் முறைகளில்) பி-பிரேம் என்ற வகைப் பிரேம் தனக்குப் பின்னால் திரையில் தோன்றப்போகும் பிரேமையும் சார்ந்திருக்கக்கூடும் என்பதால், கோப்பில் பிரேம்கள் இருக்கும் வரிசையும் அவை காட்டப்பட வேண்டிய வரிசையும் ஒன்றல்ல; வரிசையைச் சரிசெய்வதற்காக டிகோடர் சிலவற்றைக் கையிலேயே வைத்திருக்கும். பிரேம் வாரியாகப் பல த்ரெட்களில் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் இழைகளில்) டிகோட் செய்தால், த்ரெட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தத் தாமதம் மேலும் கூடும். த்ரெட் எண்ணிக்கையை நூலகமே முடிவு செய்யட்டும் என்று நான் பூஜ்யம் கொடுத்திருந்தேன். கோர்கள் கூடினால் த்ரெட்களும் கூடும்; நண்பரின் கணினியில் இழப்பு கூடியது அதனால்தான். கோப்பு முடிந்தவுடன் பேக்கெட்டுக்கு (சுருக்கிய தரவுத் துண்டுக்கு) பதிலாக ஒரு நல் பாயிண்டரை (எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியை) அனுப்பி, முடிந்துவிட்டது என்ற குறியீடு திரும்பும்வரை பிரேம்களைப் பெற்றுக்கொண்டே இருங்கள். அதே டிகோடரை அடுத்த கோப்புக்கும் பயன்படுத்துவதானால் அதன் பஃபர்களை (உள் தற்காலிகச் சேமிப்பை) முதலில் காலி செய்து மீட்டமைத்துவிடுங்கள்.

காணொளியைச் சுருக்கும் என்கோடருக்கும் இதே விதிதான், அங்கே இழப்பு இன்னும் பெரிது. எச்.264 என்கோடரான எக்ஸ்264 இயல்பான அமைப்பில் 40 பிரேம்கள்வரை முன்நோக்கிப் பார்த்த பிறகே வெளியிடத் தொடங்கும். இறுதியில் வடித்தெடுக்காவிட்டால், விநாடிக்கு 30 பிரேம் ஓடும் காணொளியில் ஒரு விநாடிக்கும் மேல் போய்விடும். வேறு நூலகத்துக்கு ஓடினாலும் தப்ப முடியாது: ஏவி1 என்ற காணொளி வடிவத்தை மட்டும் டிகோட் செய்யும் டேவ்1டி நூலகத்திலும், தரவு தீர்ந்த பிறகு படங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கத்தான் வேண்டும்.

ஆவணத்தைப் படித்திருந்தால் இத்தனை பாடு எதற்கு என்று கேட்க வருபவர்களுக்கு: உண்மைதான், நூலகத்தின் செயற்கூறுகளை அறிவிக்கும் தலைப்புக் கோப்பின் குறிப்புரையிலேயே இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் புதிதாக வருபவர் முதலில் படிப்பது தலைப்புக் கோப்பை அல்ல, யாரோ எழுதிவைத்த பயிற்சிக் கட்டுரையைத்தான். பேக்கெட்டை அனுப்பித் தனியாகப் பிரேமைப் பெறும் இன்றைய முறை 2016இலேயே எஃப்எஃப்எம்பெக்கின் 3.1 பதிப்பில் வந்துவிட்டது. பழைய டிகோட் செயற்கூறுகள் 2022இல் வெளியான 5.0 பதிப்பில் நீக்கப்பட்டன. அப்படியிருந்தும் பழைய முறையை, அதிலும் ஃப்ளஷ் செய்யும் பகுதியை விட்டுவிட்டு, நகலெடுத்துப் போடுபவர்கள் ஓயவில்லை. அந்தக் கட்டுரைகளை நம்பி ஏமாந்தவர்களின் கோபம் மட்டும், நூலகத்துக்காக ஊதியமில்லாமல் உழைக்கும் தன்னார்வலர்கள்மேல் போய் விழுகிறது. என் கோபமும் அங்கேதான் போய் விழுந்தது என்பதை மறைக்கவில்லை.

நான் ஊகித்தது தவறாகவும் இருக்கலாம். கோப்பே பாதியில் துண்டிக்கப்பட்டிருந்தாலும் இதே அறிகுறிதான் தென்படும். எஃப்எஃப்எம்பெக்குடன் வரும் எஃப்எஃப்புரோப் (ffprobe) கருவியில் பிரேம்களை எண்ணும் தெரிவைக் கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அது சொல்லும் எண்ணிக்கை உங்கள் நிரலின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த நல் பாயிண்டரைத்தான் நீங்கள் அனுப்பாமல் விட்டிருக்கிறீர்கள்.